தண்ணீர்க்குடம் உடைந்தது, வலி இன்னும் வரவில்லை

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஓர் இரவு, மணி இரண்டிருக்கும். கிள்ளானில் இருக்கும் என் தம்பி மகன் தொலைபேசியில் அழைத்தான். அந்த நேரத்தில் அழைப்பு வந்தால் வயதானவர்களுக்கு முதலில் எந்த நினைப்பு வரும் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவன் சொன்னது வேறு.

"அத்தை, இவளுக்குத் தண்ணி உடைஞ்சிருச்சு. ஆனா வலி ஒன்னும் இல்ல. அம்மா, வலி வரட்டும், விடிஞ்சதும் போகலாம்னு சொல்றாங்க. என்ன செய்யட்டும்?"

மூன்று கேள்விகள் கேட்டேன். மணி எத்தனைக்கு உடைந்தது? தண்ணீர் என்ன நிறம்? பிள்ளை அசைகிறதா? முதல் கேள்விக்கு மட்டுமே அவனிடம் பதில் இருந்தது. இரண்டாவதற்கு, "துடைச்சிட்டோம் அத்தை" என்றான். மூன்றாவதை அவன் மனைவியிடம் கேட்டுத்தான் சொன்னான். பத்து நிமிடத்தில் காரில் ஏறுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவன் அம்மாவுக்கு, அதாவது என் தம்பி மனைவிக்கு, என் மேல் சிறிது வருத்தம்தான். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூன்று பிரசவத்திலும் வலி முதலில் வந்தது, தண்ணீர் பிறகு உடைந்தது. ஆகவே வலி வந்த பிறகுதான் மருத்துவமனை என்பது அவருடைய அனுபவம். அது பொய்யன்று. ஆனால் எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை என்பதைத்தான் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன்.

நான் மருத்துவம் படித்தவள் அல்லள். தமிழ்ப்பள்ளியில் அறிவியலும் தமிழும் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஆனால் இந்தக் கேள்வி நம் குடும்பங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. நம் ஆலயத்துக்கு வரும் இளம் பெண்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற தாதி ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டும், நூல்களைப் படித்தும் நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குடம் எது என்று பார்ப்போம். கருப்பைக்குள் குழந்தை ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. இதைப் பனிக்குடம் என்று நூல்களும், தண்ணீர்க்குடம் என்று நம் தோட்டத்துப் பெண்களும் சொல்வார்கள். அதன் சுவரில் இரண்டு சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. உள்ளே இருக்கும் நீர் பேறுகாலம் நெருங்கும்போது அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் அளவுக்கு இருக்கும். அந்த நீரில் பெரும்பகுதி குழந்தை கழிக்கும் சிறுநீர்தான் என்று சொன்னால் வகுப்பில் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் உண்மை அதுவே. குழந்தை அந்த நீரைக் குடிக்கிறது, கழிக்கிறது, மறுபடியும் குடிக்கிறது. அந்த நீர் குழந்தையை அடிபடாமல் தாங்குகிறது. தொப்புள்கொடி நசுங்காமல் காக்கிறது. சவ்வு கிழியாமல் இருக்கும்வரை வெளியிலிருந்து கிருமி உள்ளே நுழையாமலும் தடுக்கிறது. கட்டுரையில் மேற்கொண்டு வரும் செய்திகள் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பயனைப் பற்றியவைதான்.

இயல்பான பிரசவத்தில் கருப்பை சுருங்கிச் சுருங்கி வலி எடுக்கும். கருப்பையின் வாய் மெல்ல மெல்ல விரியும். அதன் பிறகு, பாதி வழியிலோ கடைசியிலோ, குடம் உடையும். மாதம் நிறைந்த தாய்மார்களில் நூற்றுக்கு ஏறக்குறைய எட்டுப் பேருக்கு இந்த வரிசை மாறிவிடுகிறது. வலி தொடங்கும் முன்பே குடம் உடைந்துவிடுகிறது. எட்டுப் பேர் என்பது சிறிய எண்ணிக்கையாகத் தோன்றலாம். ஒரு கல்யாண மண்டபத்தில் நூறு தாய்மார்கள் அமர்ந்திருந்தால் அவர்களில் எட்டுப் பேருக்கு இது நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஏன் வலி வரவில்லை? சவ்வு கிழிவது ஒரு வேலை, கருப்பை சுருங்குவது இன்னொரு வேலை. பேறுகாலம் நெருங்கும்போது சவ்வு தானாகவே வலுவிழக்கத் தொடங்குகிறது. அதே சமயத்தில் கருப்பையின் வாயும் மெல்ல மிருதுவாகி வருகிறது. பழம் பழுப்பதைப் போன்றது இது. சிலருக்குச் சவ்வு முந்திக்கொள்கிறது, வாய் இன்னும் பழுக்கவில்லை. குடம் உடைந்ததும் உடலில் சில சுரப்புகள் அதிகரித்து வாயைப் பழுக்க வைத்துக் கருப்பையைத் தூண்டுகின்றன. அதற்குச் சிலருக்கு ஒரு மணி நேரம் போதும். சிலருக்கு ஒரு நாள் ஆகும். ஆகவே தண்ணீர் உடைந்து வலி வரவில்லை என்றால் அந்தப் பெண்ணின் உடம்பில் குறை இருக்கிறது என்று பொருளன்று. அவள் எதையோ தூக்கிவிட்டாள், படியில் வேகமாக இறங்கிவிட்டாள் என்று மாமியார் வீட்டில் பேசுவதும் நியாயமன்று.

எத்தனை நேரத்தில் வலி வரும் என்பதே அடுத்த கேள்வி. மாதம் நிறைந்த தாய்மார்களில் பத்துப் பேருக்கு ஆறு பேர் என்ற கணக்கில் 24 மணி நேரத்துக்குள் வலி தானாகவே தொடங்கிவிடுகிறது. மற்றவர்களுக்கு இன்னும் தாமதமாகும். அப்படியானால் காத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மருத்துவர்களும் இதே கேள்வியை நெடுங்காலம் தமக்குள் கேட்டுக்கொண்டார்கள்.

1996-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு பெரிய ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. கனடாவைச் சேர்ந்த மேரி ஹன்னா என்னும் மருத்துவரின் தலைமையில் கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, இஸ்ரேல், சுவீடன், டென்மார்க் ஆகிய 6 நாடுகளில் 72 மருத்துவமனைகளில் இது நடைபெற்றது. வலி வராமல் தண்ணீர் உடைந்த 5,041 தாய்மார்கள் இதில் பங்கு பெற்றார்கள். சிலருக்கு உடனே மருந்து கொடுத்து வலி வரவழைத்தார்கள். சிலரை, வேறு தொல்லை எதுவும் இல்லாதவரை, நான்கு நாள் வரை காத்திருக்க வைத்தார்கள். முடிவு என்ன? அறுவைச் சிகிச்சை எல்லாப் பிரிவிலும் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில்தான் இருந்தது. உடனே வலி வரவழைத்தால் வயிற்றைக் கிழிக்க வேண்டி வரும் என்னும் பயத்துக்கு இதில் ஆதாரம் கிடைக்கவில்லை. குழந்தைகளுக்கு நோய்த்தொற்று ஏற்பட்டதிலும் பிரிவுகளுக்கிடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் தாய்மாரிடம் வேறுபாடு இருந்தது. மருந்து ஏற்றி உடனே வலி வரவழைத்தவர்களில் நூற்றுக்கு 4 பேருக்குக் கருப்பைக்குள் தொற்று கண்டது. காத்திருந்தவர்களில் அது நூற்றுக்கு எட்டுப் பேரைத் தாண்டியது.

அந்த ஆராய்ச்சியில் காத்திருந்தவர்களைப் பற்றி 2000-ஆம் ஆண்டில் இன்னொரு கட்டுரை வெளிவந்தது. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. காத்திருந்தவர்களில் சிலர் மருத்துவமனையிலும் சிலர் வீட்டிலும் இருந்தார்கள் அல்லவா? இருவரையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வீட்டில் காத்திருந்தவர்களின் குழந்தைகளுக்குத் தொற்று கூடுதலாகக் காணப்பட்டது. முதல் பிள்ளைக்காரிகளில் வீட்டில் இருந்தவர்களுக்குக் கிருமிக்கொல்லி மருந்தும் கூடுதலாகத் தேவைப்பட்டது. காத்திருப்பது ஒரு வழி. எங்கே காத்திருப்பது என்பது வேறு. இந்த இரண்டையும் நம் வீடுகளில் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

அந்தக் குழப்பத்தின் விலையை நான் சிறுமியாக இருந்தபோதே பார்த்தேன். 1971-ஆம் ஆண்டு, மழைக்காலம். நாங்கள் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தோம். என் சின்னம்மாவுக்கு முதல் பிள்ளை. மாதம் நிறைந்து, தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டில் இருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், பெரட்டுக்கு ஆட்கள் போகும் நேரத்தில், அவருக்குத் தண்ணீர் உடைந்தது. என் பாட்டி அவரை உள்ளே படுக்க வைத்து, சீரகத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். வலி வரவில்லை. பக்கத்து லயத்து அனுபவசாலிகள் வந்து பார்த்தார்கள். ஒவ்வொருவரும் கையை விட்டுப் பார்த்து, இன்னும் நேரம் இருக்கிறது என்றார்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள். அன்று இரவு கழிந்தது. புதன்கிழமை இரவு சின்னம்மாவுக்குக் குளிர் நடுக்கம் கண்டது. வியாழக்கிழமை காலையில் டிரஸ்ஸர் ஐயா வந்து, உடம்பைத் தொட்டுப் பார்த்த உடனே தோட்டத்து லோரியைக் கொண்டுவரச் சொன்னார். மழையில் மண்பாதை சேறாகிக் கிடந்தது. டவுன் மருத்துவமனைக்குப் போய்ச் சேரவே நேரமாயிற்று. ஆண் பிள்ளை பிறந்தது. இரண்டாம் நாள் இறந்து போனது. சின்னம்மா மூன்று வாரம் கழித்து வீடு திரும்பினார்.

யார் மேல் குற்றம் என்று நான் இதைச் சொல்லவில்லை. பாட்டிக்கு அது தெரியாது, அவ்வளவுதான். தெரிந்திருந்தால் செவ்வாய்க்கிழமையே தம் தாலியை அடகு வைத்தாவது கார் பிடித்திருப்பார்.

நடந்தது என்ன என்று இப்போது நமக்குப் புரிகிறது. குடம் உடைந்த பிறகு வாசல் திறந்திருக்கிறது. பெண்ணின் உடம்பில் இயல்பாகவே வாழும் கிருமிகள், அங்கே இருக்கும்போது ஒரு கெடுதலும் செய்யாதவை, மெல்ல மேலே ஏறுகின்றன. நேரம் ஆக ஆக அந்த ஆபத்தும் வளர்கிறது. உள்ளே கையை விட்டுப் பார்ப்பது ஒவ்வொரு முறையும் அந்தக் கிருமிகளை மேலே தள்ளிவிடுவதற்குச் சமம். இன்று மருத்துவமனைகளில் வலி வராத நிலையில் தேவையில்லாமல் உள்பரிசோதனை செய்வதைத் தவிர்க்கிறார்கள். கிருமி நீக்கிய கருவியை வைத்துக் கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கிருமிகளில் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற ஒன்று இருக்கிறது. பத்துத் தாய்மாரில் ஒருவர் முதல் மூவர் வரை இதைத் தம் உடம்பில் தெரியாமலே வைத்திருக்கலாம். தாய்க்கு ஒன்றும் செய்யாது. பிறந்த குழந்தைக்கு நுரையீரல் அழற்சியையும் மூளைக்காய்ச்சலையும் கொடுக்கக்கூடியது. தண்ணீர் உடைந்து 18 மணி நேரம் கடந்தால் இதற்கான ஆபத்துக் கூடுகிறது என்று கருதி, பிரசவ நேரத்தில் தாய்க்குப் பென்சிலின் போன்ற மருந்தை ஊசி வழியாகக் கொடுக்கிறார்கள். நான் தம்பி மகனிடம் மணியைக் கேட்டது இதற்காகத்தான். மருத்துவமனையில் முதலில் கேட்கப்படுவதும் அதுவே. பதற்றத்தில் மறந்துவிடும், ஆகவே ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பயமுறுத்துவது என் நோக்கமன்று. மாதம் நிறைந்து, குடம் முன்கூட்டி உடைந்த தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் கடுமையான தொற்று காண்பது நூற்றுக்கு ஒன்று. குடம் உடையாமல் வலி வந்தவர்களுக்கு இருநூற்றுக்கு ஒன்று. அதாவது ஆபத்து இரண்டு மடங்காகிறது, ஆனாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. பதறி ஓட வேண்டியதில்லை. குளித்து, உடை மாற்றிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு புறப்பட நேரம் இருக்கிறது. விடியும்வரை படுத்திருக்கத்தான் நேரம் இல்லை.

வந்தது பனிநீர்தானா என்ற சந்தேகமும் எழலாம். எல்லாருக்கும் குடம் குபீரென்று உடைவதில்லை. திரைப்படத்தில் காட்டுவதைப்போல் தரையெல்லாம் நனைவதும் உண்டு. மேல்பகுதியில் சிறு கிழிசல் கண்டு சொட்டுச் சொட்டாக வருவதும் உண்டு. கடைசி மாதத்தில் குழந்தையின் தலை சிறுநீர்ப்பையை அழுத்துவதால் தும்மினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசிவது பலருக்கு இயல்பு. ஆகவே இரண்டையும் பிரித்தறிவது கடினம். சிறுநீருக்கு அதற்குரிய நெடி இருக்கும், அடக்கினால் நிற்கும். பனிநீர் அடக்கினாலும் நிற்காது. அதன் வாசனை இலேசாக இனிப்பாகவோ அல்லது வாசனையே இல்லாமலோ இருக்கும். சிறுநீர் கழித்துவிட்டு, சுத்தமான பேட் ஒன்றை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் படுத்திருந்து பிறகு எழுந்து நின்று பாருங்கள். எழுந்ததும் மறுபடி நனைந்தால் பனிநீராக இருக்கலாம். அப்போதும் சந்தேகம் என்றால் மருத்துவமனைக்கே போங்கள். இல்லை, வெறும் சிறுநீர்தான் என்று திருப்பி அனுப்பினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் பெண்கள் பலர் வராமல் இருப்பதற்குக் காரணம், தாதி திட்டுவார் என்ற அச்சம்தான்.

அந்தப் பேட்டைத் தூக்கி எறியாமல் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தாதி அதைப் பார்த்தே பல செய்திகளைப் புரிந்துகொள்வார். நிறம் மிக முக்கியம். தெளிவாகவோ, வைக்கோல் நிறத்தில் மங்கலாகவோ, முதலில் சிறிது இளஞ்சிவப்புக் கலந்தோ இருந்தால் இயல்பு. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது என்று பொருள். அது மூச்சில் போனால் குழந்தைக்குத் தொல்லை. சிவந்த இரத்தமாக வந்தாலும், துர்நாற்றம் இருந்தாலும், பிள்ளை வழக்கம்போல் அசையாவிட்டாலும், தாய்க்குக் காய்ச்சலோ குளிரோ கண்டாலும் குளியலும் வேண்டாம், பையும் வேண்டாம். இருக்கிற உடையோடு உடனே புறப்பட வேண்டியதுதான். 37 வாரம் நிறையாமல் குடம் உடைந்தாலும் அப்படியே. மாதம் நிறையாத குழந்தைக்கு நுரையீரல் முதிர்ச்சி அடைய ஓர் ஊசி இருக்கிறது. அதைத் தாய்க்குப் போடுகிறார்கள். பிரசவத்துக்கு முன்பே போட்டால்தான் பயன். அந்த ஊசிக்கு நேரம் கிடைப்பதே பல குழந்தைகளைக் காப்பாற்றுகிறது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ஒன்று உண்டு. குழந்தையின் தலை இன்னும் கீழே இறங்காமல் இருக்கும்போதோ, குழந்தை குறுக்காகவோ கால் கீழாகவோ இருக்கும்போதோ குடம் உடைந்தால், நீரின் வேகத்தில் தொப்புள்கொடி வழுக்கிக் குழந்தைக்கு முன்னே வந்துவிடலாம். இது அரிது. வந்தால், தலை அந்தக் கொடியை நசுக்கிக் குழந்தைக்கு உயிர்க்காற்று நின்றுபோகும். தண்ணீர் உடைந்த உடனே கொடி போன்ற ஒன்று வெளியே தெரிந்தாலோ, உள்ளே ஏதோ இருப்பதாகத் தாய் உணர்ந்தாலோ, உடனே 999-ஐ அழைக்க வேண்டும். சிங்கப்பூரில் இருப்பவர்கள் 995. கொடியைத் தொடக்கூடாது, உள்ளே தள்ளவும் கூடாது. தாய் முழந்தாளிட்டு, தலையும் மார்பும் தரையில் படும்படி குனிந்து, இடுப்பை உயர்த்திக்கொண்டிருக்க வேண்டும். பார்க்க விநோதமாக இருக்கும். ஆனால் அப்போது குழந்தையின் பாரம் கொடியைவிட்டு விலகி மேலே போகிறது. ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே இருக்கட்டும்.

இனி நம் வீட்டு நம்பிக்கைகளுக்கு வருகிறேன். தண்ணீர் முழுதும் வற்றிவிட்டால் பிள்ளை வழியில் ஒட்டிக்கொள்ளும் என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். அது தேவையற்ற பயம். முன்னே சொன்னபடி நீரைத் தருவது குழந்தையே. உடைந்த பிறகும் நீர் ஊறிக்கொண்டுதான் இருக்கும். தாய் தண்ணீர் குடிக்கலாம், இலேசான உணவு உண்ணலாம்.

விளக்கெண்ணெய் கொடுத்தால் வலி வரும் என்பது இன்னொன்று. அது குடலைக் கலக்கும். வயிற்றுப்போக்கும் வாந்தியும் கண்டு, பிரசவத்துக்கு வேண்டிய தெம்பு போய்விடும். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். மூலிகைக் கஷாயங்களுக்கும் இதே பேச்சுத்தான். நடப்பது நல்லது, தலை இறங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தால் நடக்கட்டும். ஷவரில் குளிக்கலாம். தாம்பத்தியம் கூடாது. சானிட்டரி பேட் மட்டும் வைக்கலாம், உள்ளே வைக்கும் எதுவும் கூடாது.

நல்ல நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆலயச் செயற்குழுவில் இருப்பவள் என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். ராகு காலம் முடியட்டும், அஷ்டமி கழியட்டும் என்று தண்ணீர் உடைந்த பெண்ணை வீட்டில் உட்கார வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ராகு காலம் ஒன்றரை மணி நேரம்தானே என்பார்கள். அது முடிந்ததும் எமகண்டம் வரும், அதன் பிறகு சாலை நெரிசல் வரும். கல்யாணத்துக்கும் புதுமனை புகுவதற்கும் நாள் பார்ப்பது நம் வழக்கம். அவை நாம் தொடங்கும் காரியங்கள். பிள்ளைப்பேறு நாம் தொடங்குவதன்று. குடம் உடைந்தபோதே அது தொடங்கிவிட்டது. வாசலில் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டுப் புறப்படுவதற்கு எந்த நேரமும் நல்ல நேரம்தான். நம் குருக்களிடம் கேட்டவர்களுக்கும் அவர் இதையே சொல்லியிருக்கிறார்.

காரில் போகும்போது இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பும் பழைய துண்டும் போடுங்கள். கையில் அடையாளக் கார்டும், கிளினிக்கில் கொடுத்த கர்ப்பப் பதிவுப் புத்தகமும் இருக்க வேண்டும். புத்தகம் இல்லாமல் போனால் இரத்த வகையிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்பார்கள். மற்ற சாமான்களைக் கணவர் பிறகு கொண்டுவரலாம். கைலி நான்கைந்து கூடுதலாக இருந்தால் நல்லது, தண்ணீர் நிற்காமல் வந்துகொண்டிருக்கும்.

மருத்துவமனையில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். காய்ச்சல், நாடி, இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் இதயத் துடிப்பைக் காகிதத்தில் பதிவு செய்வார்கள். கருவி வைத்து நீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். சில இடங்களில் சிறு தாள் ஒன்றை அந்த நீரில் நனைத்து நீலமாக மாறுகிறதா என்று சோதிப்பதும் உண்டு. பள்ளியில் நாம் லிட்மஸ் தாளை வைத்துச் செய்த சோதனையின் உறவினர்தான் அது. எல்லாம் நலமாக இருந்தால் இரண்டு வழிகளை எடுத்துச் சொல்வார்கள். ஒன்று, தானாக வலி வருகிறதா என்று 24 மணி நேரம் வரை பார்ப்பது. மற்றொன்று, உடனே மருந்து கொடுத்து வலியை வரவழைப்பது. உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட பரிந்துரையில், மாதம் நிறைந்த தாய்க்குக் குடம் முன்கூட்டி உடைந்தால் வலி வரவழைப்பதையே ஆதரித்தது. மருத்துவமனைக்கு மருத்துவமனை நேரக் கணக்கில் சிறிது வேறுபாடு இருக்கும்.

வலி வரவழைக்கும் முறையும் இரண்டு வகை. கருப்பையின் வாய் பழுக்காமல் இருந்தால் அதற்கு ஒரு மருந்தை உள்ளே வைப்பார்கள். பழுத்திருந்தால் கையில் ஊசி குத்தி டிரிப்பில் ஆக்சிடோசின் ஏற்றுவார்கள். தாயின் மூளையே சுரக்கும் பொருளின் நகல் அது. சொட்டுக்களைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். டிரிப் போட்டு வரும் வலி தானாக வரும் வலியைவிடச் சீக்கிரம் கடுமையாகலாம் என்று பெண்கள் சொல்கிறார்கள். ஆகவே வலி குறைக்க என்ன வழி இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வதில் தவறில்லை. காத்திருக்கும் வழியைத் தேர்ந்தால், விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணிக்கு ஒருமுறை காய்ச்சல் பார்க்க வேண்டும், நீரின் நிறத்தையும் பிள்ளையின் அசைவையும் கவனிக்க வேண்டும். தனக்கு எது நல்லது என்று கேட்கவும், புரியாவிட்டால் மறுபடி கேட்கவும் தாய்க்கு உரிமை உண்டு. படித்த பெண்களே அந்த அறையில் வாயடைத்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். கணவர்கள் கேட்க வேண்டும்.

கிள்ளானில் என் தம்பி மருமகளுக்கு அன்று நடந்தது இது. அதிகாலை மூன்று மணிக்குள் மருத்துவமனையில் சேர்ந்தாள். நீர் தெளிவாக இருந்தது. காலையில் கேட்டபோது சிறிது நேரம் பார்ப்போம் என்று அவளே சொன்னாள். பிற்பகல்வரை வலி வரவில்லை. இரண்டு மணிக்கு டிரிப் போட்டார்கள். இரவு பதினொன்றரைக்குப் பெண் குழந்தை பிறந்தது. குடம் உடைந்து ஏறக்குறைய 22 மணி நேரம். இடையில் அவளுக்கு மருந்து ஊசியும் போட்டிருந்தார்கள்.

குழந்தை பிறந்தவுடன் எல்லாம் முடிந்தது என்று எல்லாரும் இனிப்பு வாங்கப் போய்விடுவார்கள். நீண்ட நேரம் குடம் உடைந்திருந்த தாயின் குழந்தையை முதல் 12 மணி நேரம் தாதிகள் அடிக்கடி வந்து பார்ப்பார்கள். மூச்சு வேகமாக இருக்கிறதா, உடம்பு சுடுகிறதா அல்லது சில்லிட்டிருக்கிறதா, பால் இழுத்துக் குடிக்கிறதா, சோர்ந்து கிடக்கிறதா என்று கவனிப்பார்கள். குழந்தை நலமாகத்தானே இருக்கிறது, இன்றே வீட்டுக்கு அனுப்புங்கள் என்று வற்புறுத்த வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகும் முதல் ஒரு வாரம் இந்த அடையாளங்களில் ஒன்று தெரிந்தால், மாந்தம், திருஷ்டி என்று வைத்தியம் பார்க்காமல் அன்றே குழந்தையைக் கொண்டு போங்கள். முதல் நாளிலேயே மஞ்சள் கண்டாலும் அப்படித்தான். தாய்க்குக் காய்ச்சலோ, படும் இரத்தத்தில் துர்நாற்றமோ இருந்தால் பத்தியச் சாப்பாட்டைக் காரணம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

என் தம்பி மனைவி பேத்தியைப் பார்த்ததும் என் மேல் இருந்த வருத்தத்தை மறந்துவிட்டார். சென்ற மாதம் அவருடைய பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தண்ணீர் உடைந்தபோது, மணியைக் குறித்துக்கொண்டு, பேட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு, அவரே காரில் ஏறி உடன் போனாராம். வீடு திரும்பியதும் தொலைபேசியில் எனக்கு அரை மணி நேரம் விளக்கமும் சொன்னார்.